பி.பி. மெஷினும் ஒரு இஞ்சு டேப்பும்

நம் வயதுக்காரர்கள் வீட்டு மேஜையில் மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, டார்ச் லைட் இவற்றோடு சேர்ந்து இப்போது இன்னொரு பொருளும் உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ‘உர்ர்’ என்று காற்றடித்து, கையை இறுக்கிப் பிடித்து, ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு எண்களைக் காட்டுகிற பி.பி. மெஷின். இன்று அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்.

பழைய வாசகர்களுக்கு என் தொழில் தெரியும். சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 34 வருஷம் வேலை. பாய்லர், வேக்குவம் பேன் என்று ஆலையில் எங்கெல்லாம் பிரஷர் கேஜ் இருக்கிறதோ, அதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் மேஜைக்கு வந்துதான் போகும். டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, எடைத் தட்டு வைத்து, முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ‘அளக்காமல் நம்பாதே’ என்று புதுப் பையன்களுக்கு நான் சொல்லாத நாள் இல்லை. இந்தப் பெருமையெல்லாம் எதற்கு என்றால், பின்னால் வரப்போகிற அசட்டுத்தனம் உங்களுக்கு நன்றாக உறைக்கட்டும் என்றுதான்.

என் மனைவிக்குப் பத்து வருஷமாக இரத்தக் கொதிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை. கொரோனா சமயத்தில் டாக்டரிடம் அடிக்கடி போக முடியாததால், வீட்டுக்கே ஒரு தானியங்கி மெஷின் வாங்கினேன். தினம் காலை காபிக்கு அப்புறம் அவளை உட்கார வைத்துப் பார்ப்பேன். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். ஆலையில் லாக் புக் எழுதிய கை. அழகாகவே இருக்கும்.

2023 புரட்டாசி வாக்கில் எண்கள் ஏற ஆரம்பித்தன. 152, 156, 158. மூன்று வாரம் பார்த்துவிட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வர்றதில்ல சார்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னொரு மாத்திரை சேர்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையில் கொடுத்த கணக்கை நம்பி வைத்தியம் பார்த்தார். அந்தக் கணக்கு என்னுடையது.

கார்த்திகை மாசம், நல்ல மழை நாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குப் போனவள், “ஏங்க... தலை சுத்துது” என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். நான் ஓடிப் போனபோது சுவரைப் பிடித்தபடி தரையில் கிடக்கிறாள். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆட்டோ கிடைக்காமல், எதிர்வீட்டுத் தம்பியின் காரில் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த சிஸ்டர் பி.பி. பார்க்கப் பட்டையை எடுத்தார். வலது கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது அம்மாவுக்குப் பத்தாது, பெரிசு எடுத்துட்டு வாங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. படுக்க வைத்துப் பார்த்தபோது மேல் எண் 128. நிற்க வைத்துப் பார்த்தபோது 104. எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வந்திருக்கிறது, இரண்டு மாத்திரை அவளுக்கு அதிகம் என்றார்கள். கையில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்தபோது தலை வாஷ்பேசினில் இடிக்கவில்லை, அது கடவுள் புண்ணியம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அந்த மெஷின் மேல் கோபம் கோபமாக வந்தது. ‘பிரஷர் கேஜ் போய்விட்டது, அதுதான் கூட்டிக் காட்டியிருக்கிறது’ என்று முடிவு கட்டினேன். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரியாதா என்ன?

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் நாலு மீட்டர் வாங்கி வந்தேன். மாடிப்படிக் கம்பியில் ‘யு’ மாதிரி வளைத்துக் கட்டி, துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு விட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதனால் பாதரசக் கணக்கில் 100 மில்லிமீட்டர் என்பது தண்ணீரில் 1360 மில்லிமீட்டர். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 136 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 100. விலையில்லாத, பொய் சொல்லத் தெரியாத கருவி.

தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் முள் வைத்த பழைய பம்ப் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி, முதலில் அதைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிறகு நம் தானியங்கி மெஷினின் குழாயில் ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, இரண்டையும் சேர்த்தேன். காற்று இறங்கும் வேகத்தில் இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்க முடியவில்லை. “தாத்தா, ரெண்டையும் ஒண்ணா வீடியோ எடுத்துட்டு அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்” என்றாள் பேத்தி. அப்படியே செய்தோம். 180, 150, 120, 90, எங்கே நிறுத்திப் பார்த்தாலும் ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

கேஜில் பழுதே இல்லை. ஆலையாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருப்பேன். அப்படியானால் தப்பு எங்கே?

அன்றிரவு உட்கார்ந்து, இந்த மெஷின் எப்படித்தான் வேலை செய்கிறது என்று படித்தேன். இத்தாலியில் ரிவா ரோச்சி என்ற டாக்டர் 1896இல் கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யாவில் கொரோட்காஃப் என்ற டாக்டர், பட்டைக்குக் கீழே ஸ்டெத் வைத்தால் இரத்தம் பாய ஆரம்பிக்கும் சத்தமும் அது அடங்குவதும் கேட்கும் என்று கண்டுபிடித்தார். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண். நம் டாக்டர்கள் பாதரச மெஷினில் பார்த்ததெல்லாம் இதுதான்.

தானியங்கி மெஷின் சத்தம் கேட்பதில்லை. இதயம் துடிக்கும்போதெல்லாம் பட்டைக்குள் இருக்கும் காற்று லேசாக அதிரும். அழுத்தம் மாற மாற அந்த அதிர்வு சிறிதாக ஆரம்பித்து, பெரிதாகி, மறுபடி சிறிதாகும். அதிர்வு உச்சத்தில் இருக்கும்போது உள்ள அழுத்தம்தான் இரத்தக் குழாயின் சராசரி அழுத்தம். மெஷின் பிடிப்பது அதைத்தான். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அந்த அதிர்வின் போக்கை வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சூத்திரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. வெளியே சொல்ல மாட்டார்கள்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சோதித்தது கேஜை. தப்பு கேஜுக்கு வெளியே இருக்கிறது. அதிர்வைப் பிடிக்கும் பட்டையே பொருந்தாமல் போனால், கணக்கும் பொய்தானே? அப்போதுதான் சிஸ்டர் சொன்னது மண்டையில் ஏறியது. ‘இது பத்தாது, பெரிசு எடுத்துட்டு வாங்க.’

எழுந்து விளக்கைப் போட்டு எங்கள் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று போட்டிருக்கிறது. தையல் டப்பாவிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து, காலையில் அவள் எழுந்ததும் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்தேன். 38 சென்டிமீட்டர். என் கை 28. மூன்று வருஷமாக என் கைக்கான பட்டையால் அவளை அளந்திருக்கிறேன்!

பட்டை சின்னதாக இருந்தால் இரத்தக் குழாயைச் சரியாக அமுக்காது. அதை அடைக்கக் கூடுதல் காற்று வேண்டும். மெஷின் எண்ணைக் கூட்டிக் காட்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 195 பேரை வைத்து இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் எண் சராசரியாக 5 கூடுகிறது. அதைவிடப் பெரியது தேவைப்படுகிறவர்களுக்கு ஏறக்குறைய 20 கூடுகிறது. பட்டை தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மூன்று நாலு எண் குறைவாகக் காட்டுகிறது.

என் தப்பு அதோடு நிற்கவில்லை. கையை மடியில் வைத்துத்தான் பார்ப்போம். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கை மேஜை மேல் இருக்க வேண்டும். அதே பால்டிமோரில் 2024இல் வந்த இன்னொரு சோதனையில், கையை மடியில் வைத்தால் மேல் எண் 4 போலவும், தொங்கவிட்டால் 6, 7 போலவும் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து வந்தவளை உடனே உட்கார வைப்பேன். காபி குடித்த கையோடு பார்ப்பேன். பட்டை இறுகும்போதே “மதியத்துக்கு என்ன சமையல்?” என்று கேட்பேன். அவளும் பதில் சொல்வாள். இது ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும் சமாசாரம்.

22–42 பட்டை ஒன்று தனியாக வரவழைத்தேன். அந்தக் கூடுதல் மாத்திரையை டாக்டர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். பழைய பட்டை, மடியில் கை, பேச்சு: 150. புதுப் பட்டை, மற்றதெல்லாம் பழையபடி: 143. புதுப் பட்டை, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, மேஜையில் கை, வாயை மூடிக்கொண்டு: 136. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன், இதே மாதிரிதான் வந்தது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பழைய ஒரு மாத்திரையே போதும். இனிமே அம்மாவை நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்க சார்” என்றார்.

இந்த மெஷின்களை இன்னும் நன்றாகச் செய்ய முடியாதா என்று நானும் யோசிக்கிறேன். முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். மூன்று தடவை தானே அளந்து சராசரி சொல்லும் மெஷின் வந்துவிட்டது. துடிப்பு ஒழுங்கில்லை என்றால் எச்சரிக்கும் மெஷினும் வந்துவிட்டது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு அதிர்வும் தாறுமாறாக இருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை நம்ப முடியாது. 2018இல் உலக அளவில் ஒரே சோதனை முறைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தது 85 பேரிடம் ஸ்டெத் வைத்துப் பார்த்ததோடு ஒப்பிட வேண்டும், சராசரி வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். தனி ஒருவருக்கு அது பத்தும் விலகலாம். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் மெஷினையே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், அவர் பார்ப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காகித டேப்பைப் போட வேண்டும். பட்டையின் அளவைப் பொடி எழுத்தில் உள்ளே ஒளிக்காமல், பெட்டியின் முகப்பில் தமிழில் போட வேண்டும். பொத்தானை அமுக்கியதும் காற்றடிக்காமல், ‘ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள்’ என்று மெஷின் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானம் வேண்டாம்.

இப்போது நடைப்பயிற்சி நண்பர்கள் வீட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் டேப் வைத்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்பது வீடு. மூன்று வீட்டில் பட்டை பொருந்தவில்லை. அதில் ஒருவர் 77 வயது, ஒல்லியான மனிதர். கை 20 சென்டிமீட்டர்தான். “எனக்கு பி.பி.யே இல்ல சார்” என்று சந்தோஷமாக இருந்தார். தொளதொளவென்ற பட்டை அவருக்குக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சின்னப் பட்டையோடு பார்த்துவிட்டு டாக்டரிடம் போயிருக்கிறார். தப்பு இரண்டு பக்கமும் வெட்டும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். கையை அளந்து, பட்டையைப் பார்த்து, ஒரு வாரம் ஒழுங்காக எழுதி, டாக்டரிடம் கொடுங்கள். முடிவு அவருடையது.

மாவுக்கட்டு பிரித்து வருஷம் ஓடிவிட்டது. மழை நாளில் அந்த மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது என்கிறாள். நான் எதுவும் சொல்வதில்லை, தைலம் தேய்த்து விடுகிறேன். போன வாரம் யாரோ விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஆலையில இருந்த அத்தனை மெஷினையும் அளந்தாரு. பொண்டாட்டி கைய அளக்க மட்டும் நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.”

உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.