தேக்காவில் மலிவும் நலமும்

சிராங்கூன் சாலையில் பூக்கடைகளின் மல்லிகை மணம் ஓய்ந்ததும் மளிகைக் கடைகளின் சீயக்காய் மணம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். நகர மையக் கடைத்தொகுதிகளில் அழகான டப்பாவில் 'இயற்கை' என்று விற்கப்படும் நெல்லிக்காய்ப் பொடி, வெந்தயம், தினை, கேழ்வரகு எல்லாம் இங்கே சாதாரணப் பிளாஸ்டிக் பையில் கிடைக்கின்றன.

மலிவாக வாங்க ஒரு கணக்குப் போதும். பொட்டலத்தின் விலையைவிட, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சையத் ஆல்வி சாலை முஸ்தஃபாவில் ஒரே பொருள் பல நிறுவனங்களின் பெயரில் அடுக்கியிருப்பதால் ஒப்பிடுவது எளிது. கறிவேப்பிலையைத் தேக்கா சந்தையில் பச்சையாகவே வாங்கி, நிழலில் உலர்த்திப் பொடித்துக்கொள்ளலாம். 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு; சில்லறைக் காசும் கணக்குத்தான்.

மருதாணியில் மட்டும் விலையை முதலில் பார்க்காதீர்கள். அந்த இலை தரும் நிறம் செம்பழுப்பு. ஒரே பூச்சில் முடி கருகருவென்று மாறினால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. அது அவுரி இலையாக இருக்கலாம். 'பிபிடி' என்ற ரசாயனச் சாயமாகவும் இருக்கலாம். பிபிடி சிலருக்குத் தோலில் கொப்புளத்தை உண்டாக்கும். பொட்டலத்தின் பின்பக்கச் சிற்றெழுத்துகளைப் படித்த பிறகே பணத்தை நீட்டுங்கள். தலையில் பூசுமுன் காதுக்குப் பின்னால் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.