கிணற்றுத் தண்ணீரும் ஏறிய ஐட்லிங்கும்

கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் அந்தக் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டிலின் கீழ் ஒரு மொறிஸ் மைனர், எஞ்சின் இறக்கிய ஒஸ்ரின் ஏ-40, அவற்றுக்கு முன்னால் 1990ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரொயோட்டா கொறோல்லா. வருத்தம் கொறோல்லாவுக்கு. எஞ்சின் சூடேறிய பிறகும் ஐட்லிங் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு இறங்கவில்லை. 1,500க்கும் 2,000க்கும் இடையில் ஏறுவதும் விழுவதுமாக நின்றது.

அந்தக் கார் ஜப்பானில் உருவான அதே ஆண்டில்தான் இங்கே போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியது, பெற்றோல் கிடையாப் பொருளானது. கராஜ்காரர் தொழில் பழகியது அந்தக் காலத்தில். சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் ஏழு சொச்சமே உள்ள ஏ-40 அதைச் சகித்துக்கொண்டது. விகிதம் 9.5 உள்ள இந்த 4ஏ-எஃப்இ எஞ்சினுக்கு அதை ஊற்றியிருந்தால் தட்டித் தட்டியே பிஸ்ரன் போயிருக்கும். கொறோல்லா வடக்கே வந்ததோ 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு.

“முதல் ஆர் இதிலை கை வைச்சது?” என்று கேட்டார். த்ரொட்டில் தகட்டைத் தாங்கும் திருகாணியில் கொம்பனி பூசிய பெயின்ற் உடைந்திருந்தது. ஐட்லிங்கைக் குறைக்கப் பார்த்த எவரோ அதைக் கழற்றியிருக்கிறார். தகடு துளையின் சுவரில் உரசுமளவுக்கு இறங்கியிருந்தது, ஐட்லிங் அப்படியே. கார்புரேற்றர் காலத்துப் பழக்கம் இது. எரிபொருளைப் பீச்சும் எஃப்ஐ எஞ்சினில் அந்தத் திருகாணியைத் தொட்டால் பழைய பிழை தீராது, புதிய பிழை சேரும்.

கராஜில் வேலை செய்யும் தம்பி, பொனற்றுக்குள் இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து ரிஈ1, ஈ1 துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினார். ‘செக் எஞ்சின்’ விளக்கு ஒரே சீராக மினுங்கியது. கம்பியூட்டருக்குத் தெரிந்த குறை எதுவும் இல்லை என்று அர்த்தம்.

“அண்ணை, அப்ப இது ஏன் ஏறி இறங்குது?”

பெடலில் கால் இல்லை, எஞ்சினோ வேகமாகச் சுற்றுகிறது. இறக்கத்தில் வண்டி எஞ்சினை இழுத்துக்கொண்டு போகிறது என்று கம்பியூட்டர் நினைத்து எரிபொருளை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. மேடு பள்ளமே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையில் நின்றபடியே இறக்கம் இறங்கிய கார் இது ஒன்றுதான்.

ஆக, எங்கேயோ காற்றுக் கூடுதலாகப் போகிறது. எரிபொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. காற்றின் அளவை நேரே அளக்கும் மீற்றர் உள்ள கார்களில் களவாய் நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை நீர்த்து எஞ்சின் நடுங்கும். இந்த எஞ்சின் மனிபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது. களவாய் வந்த காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் கொடுக்கும். வேகம் ஏறும்.

பிரேக் பூஸ்ரர் குழாயைக் குறட்டால் நெரித்தார், மாற்றமில்லை. எஞ்சின் மூச்சுக் குழாயை நெரித்தார், அதுவும் இல்லை. பிறகு காற்றுவடிகட்டியின் குழாயைக் கழற்றி, த்ரொட்டில் வாய்க்குள் இருக்கும் சிறு துளைகளை விரலால் ஒவ்வொன்றாக அடைத்தார். ஒரு துளையை அடைத்ததும் எஞ்சின் சட்டென்று அடங்கியது.

அந்தத் துளை போய்ச் சேருவது த்ரொட்டிலின் அடியில் உள்ள மெழுகு வால்வுக்கு. குளிரில் வால்வு திறந்திருந்து கூடுதல் காற்றுக் கொடுக்கும். றேடியேற்றர் தண்ணீரின் சூட்டில் மெழுகு விரிந்து மூடிவிடும். அதற்கு வயர் இல்லை. வயர் இல்லாததைப் பற்றிக் கம்பியூட்டருக்கு என்ன தெரியும்?

“கை வைச்சுப் பாருங்கோ,” என்றார். றேடியேற்றரின் மேல்குழாய் தொட முடியாத கொதி. வால்வின் அடிப்பகுதி வெறும் இளஞ்சூடு. தண்ணீர் அங்கே போகவேயில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு விரல் பருமனான அந்தக் குழாயைக் கழற்றியபோது உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். கிணற்றில் அள்ளுவது அதைக் கரைத்து வந்த தண்ணீர். கேத்திலின் அடியில் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும்; சின்ன வழிதான் முதலில் அடைபடும். சென்சர் மாற்று, கம்பியூட்டர் மாற்று என்று ஸ்டான்லி வீதிக் கடைகளுக்கு ஓடியிருந்தால் காசு போயிருக்கும், ஐட்லிங் இறங்கியிராது.

வால்வைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டார்கள், அலுமினியம் என்பதால் அதிக நேரம் விடவில்லை. பூட்டிக் கூலன்ற் ஊற்றி, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார்கள். த்ரொட்டில் திருகாணியைத் தகடு உரசாத இடத்துக்குத் திருப்பி வைத்தார். விசிறி சுற்றத் தொடங்கியபோது ஊசி 800இல் நின்றது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வந்த வரியோடு புதுக் காரின் விலை எட்டாத உயரத்தில். பழைய கார் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொண்டே இருக்கப்போகிறோம். கூலன்ற் போத்தல் ஒன்று வாங்கி வையுங்கள், அதில் கலக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள், வடித்த தண்ணீரை எடுங்கள். ஐட்லிங் ஏறினால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். திருகாணியை எவரும் தொட விடாதீர்கள்.