கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு மார்கழிக் காலை

முதலாம் இராஜேந்திர சோழன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள பிரகதீசுவரர் திருக்கோயிலுக்கு மார்கழிக் காலையொன்றில் ஒரு குடும்பத்தினர் வந்திருந்தனர். பேரனின் தோளில் மிரர்லெஸ் கேமரா. பாட்டியாரின் கையில் ஊன்றுகோல்.

தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து உயரும். இவ்விமானமோ மெல்ல உள்வளைந்து எழுகிறது. அவ்வளைவு முழுவதும் அடங்குமாறு, பெரிய நந்தியின் அருகிலிருந்து பேரன் படமெடுத்தான்.

வடக்கு வாயிற்படிகளின் அருகே சண்டேசானுக்கிரக மூர்த்தி. உமையம்மை உடனிருக்க, ஈசன் தம் திருக்கரங்களால் சண்டிகேசரின் முடியில் மலர்மாலை சுற்றும் கோலம். மார்கழியில் கதிரவன் தென்புறமாகச் செல்வதால் வடசுவரில் இதமான நிழல், பிளாஷ் தேவைப்படவில்லை. இவ்வகைக் கேமராவினுள் கண்ணாடி இல்லை. ஒளி நேரே உணரியில் விழுவதால், பதிவாகவிருக்கும் காட்சியே திரையில் முன்கூட்டித் தெரியும். கண்புரையால் பார்வை மங்கிய பாட்டியார், திரையில் பெரிதாக்கிய ஈசனின் விரல்களையும், அடியாரின் குனிந்த முகத்தையும் கண்டு கைகூப்பினார்.

கருவறையில் படமெடுத்தல் ஆகாது. பேரன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாட்டியாரின் கையைப் பற்றிக்கொண்டான். ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிஷேகம் காணும், சுமார் 13 அடி உயரச் சிவலிங்கத் திருமேனியின் முன் தீபாராதனை நிகழ்ந்தது.

“சுவாமி தெரிகிறாரா, பாட்டி?”

“தீபம் தெரிகிறதப்பா. அதற்குப் பின்னால் அவர் இருக்கிறார்.”

வீடு திரும்பியபின் உறவினர் படங்கள் அனைத்தையும் கண்டு மகிழ்ந்தனர். கருவறைத் தரிசனத்தை மட்டும் பாட்டியார் சொல்லக் கேட்டனர்.