அம்மாவும் 52-ம்

போன மாதம் அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனை எடுத்தோம். தள்ளுபடியில் வருகிறதே என்று நானே தேடிப் பிடித்த பேக்கேஜ். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டோடு, தீபாவளி மலருக்கு இலவச இணைப்பு மாதிரி 'கேன்சர் மார்க்கர்' ஒன்றும் இருந்தது. ராத்திரி எட்டரைக்கு மொபைலில் ரிப்போர்ட் வந்தது. சிஏ-125: 52. 35-க்குள் இருக்க வேண்டுமாம். 52 மட்டும் தடித்த எழுத்தில். அம்மாவிடம் சொல்லவில்லை. நான் தூங்கவும் இல்லை. (பி.காம். படிக்கிறவனுக்கு எண்களைக் கண்டு பயமிருக்காது என்று யார் சொன்னது?)

காலையில் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "ரத்தம் கொடுத்த அன்னைக்கு பீரியட்ஸா?" ஆமாம், இரண்டாவது நாள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருப்பதும் பழைய கதை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சிஏ-125 ஒரு புரதம். 1981-ல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் அதைக் கண்டறியும் வழியைச் சொன்னார்கள். சினைப்பைப் புற்றுநோயில் ஏறும், வாஸ்தவம். ஆனால் மாதவிலக்கு, கர்ப்பம், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருக்கம் எல்லாவற்றிலும் ஏறலாம். அந்த 35 என்பதே, ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 1 பேர் தாண்டுகிற இடத்தில் போட்ட கோடு. நோயில்லாத 1 லட்சம் பேரைச் சோதித்தால் 1,000 வீடுகளில் எங்கள் வீட்டு ராத்திரிதான்!

மறுபக்கம் இன்னும் மோசம். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இது ஏறுவதே இல்லை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை என்று முதல் வருடத்தில் படித்தோமே, அதேதான். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வருடா வருடம் இந்த டெஸ்ட். 2021-ல் வந்த இறுதி முடிவு: இறப்புகள் குறையவில்லை.

அதற்காகக் குப்பை என்று தள்ளவும் முடியாது. சிகிச்சையில் இருப்பவருக்கு எண் இறங்குகிறதா, திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க இதைத்தான் நம்புகிறார்கள். தனியாக நிற்கிற ஒற்றை எண்ணை விட வரிசைக்குத்தான் மதிப்பு.

ஸ்கேனில் சினைப்பை நன்றாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார், பீரியட்ஸ் இல்லாத நாளில், அதே லேபில். லேபுக்கு லேப் கிட் மாறினால் எண்ணும் மாறுமாம்.

நான் மறைத்தது தெரிந்து அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. பேசியதும் கேட்டது, "அந்த பேக்கேஜ் எவ்வளவுடா?"