23 அடி, 2 படகு, 1 கல்யாணி

சியாட்டிலில் யாரிடமும் "என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று பொதுப்படையாகக் கேட்டுவிடாதீர்கள். "தரையிலா, தண்ணீரிலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரின் அமைப்பு அப்படி. கிழக்கே லேக் வாஷிங்டன், 35 கிலோ மீட்டர் நீளத்துக்கு நல்ல தண்ணீர். மேற்கே ப்யூஜெட் சவுண்ட், உப்புத் தண்ணீர். நடுவில் லேக் யூனியன். பெரிய ஏரிக்குக் குறுக்கே 2016-ல் திறந்த 520-ஆம் நம்பர் பாலம் தூணில் நிற்கவில்லை, மிதக்கிறது. நீளம் 2,350 மீட்டர். உலகத்திலேயே நீளமான மிதவைப் பாலம் அதுதான். பாலமே மிதக்கிற ஊரில் மனுஷன் மிதக்க ஆசைப்பட்டால் என்ன தப்பு?

ஆசைப்பட்டவன் என் காலேஜ் நண்பன் சம்பத். ரெட்மண்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். இந்தியாவில் இருந்தவரை மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் கால் நனைத்ததோடு சரி. போன ஜூலையில் பத்து நாள் லீவு போட்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டான்: "டேய், ரெண்டு படகு பார்த்து வெச்சிருக்கேன். நீதான் நடுவர்." பின்சீட்டிலிருந்து அவன் மனைவி கல்யாணி, "அண்ணா, நடுவருக்கு ஓட்டு கிடையாது. ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார்.

படகுகளுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று வெள்ளை, இன்னொன்று நீலம். இரண்டும் கேட்லாக்கில் 23 அடி. இரண்டும் எட்டரை அடி அகலம் (அதற்கு மேல் போனால் ரோட்டில் இழுத்துப்போகத் தனி பர்மிட் வாங்க வேண்டும்). இரண்டும் 250 குதிரை சக்தி. ஒரே ஜாதகம். பொருத்தம் பார்க்கும்போதுதான் வில்லங்கம் தெரிந்தது.

முதலில் நீளம். நான் ஆபீஸில் பர்ச்சேஸ் செக்‌ஷன் ஆசாமி. எதையும் அளக்காமல் நம்ப மாட்டேன். இஞ்சி டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தேன். வெள்ளையின் 23 அடியில், பின்னால் குளிப்பதற்கென்று நீட்டியிருந்த பலகையும் சேர்த்தி. நீலத்தின் 23 அடியில், பின்னால் தொங்கும் எஞ்சின் சேர்த்தி இல்லை. படகுத்துறையில் அடிக்கணக்கில்தான் மாத வாடகை. எங்கிருந்து எங்கே அளப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

அடுத்து எஞ்சின். வெள்ளைக்கு எஞ்சின் உள்ளே, பெட்டிக்குள். விசிறி மட்டும் வெளியே. 1959-ல் வால்வோ பென்டா கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு. இதில் பின்பக்கம் மொட்டை மாடி மாதிரி காலியாக இருக்கும். குழந்தைகள் உட்காரலாம், குதிக்கலாம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் ஃபேன் ஓடவிட்டு வெளியே துரத்த வேண்டும். நம் வீட்டில் கேஸ் வாசனை வந்தால் ஜன்னலைத் திறக்கிறோமே, அதே கதை. தவிர, எஞ்சினையும் வெளியே இருக்கும் விசிறிக் காலையும் இணைக்கும் இடத்தில் ரப்பர் உறை ஒன்று உண்டு. அது கிழிந்தால், கட்டிப் போட்ட இடத்திலேயே படகு தண்ணீர் குடித்து மூழ்கலாம்.

நீலத்துக்கு எஞ்சின் வெளியே, அவுட்போர்டு. இதை நல்ல வியாபாரமாக்கியவர் மில்வாக்கியில் இருந்த ஓலே எவின்ரூட், 1909-ல். அவருடைய காதலி ஏரியின் நடுவில் ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் பிறந்தது மோட்டார் என்று கதை சொல்வார்கள். அவுட்போர்டை உபயோகம் முடிந்ததும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். உப்புத் தண்ணீரில் இது பெரிய சௌகரியம். வெள்ளையின் கால் கொஞ்சம் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

"மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டேன். பிறந்த ஊர் புத்தி. மணிக்கு 25 மைல் வேகத்தில் போனால் சுமாராக 10 கேலன் குடிக்குமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு ஒரு கிலோ மீட்டர். இரண்டு படகுக்கும் கிட்டத்தட்ட அதேதான். சம்பத் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தான்.

வெள்ளையை ஞாயிற்றுக்கிழமை லேக் வாஷிங்டனில் ஓட்டிப் பார்த்தோம். நின்றால் அசையாது. பெஞ்ச் போட்டு உட்கார்ந்த மாதிரி. முன்பக்கம் திறந்த சோபா; 9 வயதுப் பெண்ணும் 6 வயதுப் பையனும் அங்கேயிருந்து நகர மாட்டேன் என்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏரி நம்ம தி.நகர் ரங்கநாதன் தெரு. ஆளாளுக்கு அலை கிளப்பிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு அலையிலும் 'டொப், டொப்' என்று முதுகெலும்பில் தந்தி அடித்தது. காரணம், அடிப்பாகம் கொஞ்சம் தட்டை. தோசைக்கல்லைத் தண்ணீரில் போட்டால் என்ன சத்தம் வருமோ அது.

நீலத்தின் அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம், அரிவாள்மணை மாதிரி. ரேமண்ட் ஹன்ட் என்ற டிசைனர் பிரபலப்படுத்திய வடிவம் இது. 1960-ல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த கடல் பந்தயத்தில், முரட்டு அலையில், டிக் பெர்ட்ராம் இந்த வடிவத்தில் செய்த 31 அடிப் படகில் போய் ஜெயித்தார். படகின் பெயர் மாப்பி. அவர் மனைவியின் செல்லப் பெயர். (இந்தத் தகவலை நான் சொன்னதும் சம்பத் வேகமாக நோட்டில் குறித்துக்கொண்டான். காரியக்காரன்.)

நீலத்தைக் கடலிலேயே பார்த்துவிடலாம் என்று விற்பனைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். லேக் யூனியனிலிருந்து கடலுக்குப் போக பல்லார்ட் லாக்ஸ் என்கிற தண்ணீர்க் கதவுகளைத் தாண்ட வேண்டும். 1917-லிருந்து இயங்குகிறது. ஏரி கடலைவிட உயரத்தில் இருக்கிறது. படகை ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, கடல் மட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். தண்ணீரில் லிஃப்ட்! இந்தக் கால்வாய்க்காக 1916-ல் லேக் வாஷிங்டனையே சுமார் 9 அடி இறக்கினார்களாம். அதில் பிளாக் ரிவர் என்ற ஆறு வறண்டே போயிற்று. பக்கத்திலேயே சால்மன் மீன்களுக்குத் தனியாகப் படிக்கட்டு. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். முட்டை போடுவதற்காகப் படிப்படியாக எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. எங்கள் இரண்டு குழந்தைகளையும் ஜன்னலிலிருந்து பிரித்தெடுக்க அரை மணி ஆயிற்று.

வெளியே கடல். பெரிய ஃபெர்ரி ஒன்று கிளப்பிய அலையை நீலம் வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டு போயிற்று. நிறுத்தியதும்தான் தொட்டில் ஆட்டம். பையன் முகம் வெளுத்தது. ஆனால் முன்னால் சின்ன அறை, அதற்குள் ஒரு சின்ன டாய்லெட். அறைக்குள் பையனைப் படுக்க வைத்தோம். கடலில் அரை நாள் ஆறு வயசுப் பிள்ளையோடு இருந்து பாருங்கள், டாய்லெட்டின் மகிமை தெரியும். என் மனசு நீலத்துக்குச் சாய்ந்துவிட்டது.

ஏரிக்குத் திரும்பி வந்ததும் கல்யாணி, "எஞ்சினை நிறுத்துங்க" என்றார். ஏற்கெனவே லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். "நான் குதிக்கப் போறேன்."

"உனக்குத்தான் நீச்சல் தெரியாதே!"

"அதுக்குத்தான்."

வெள்ளையிலும் இதைச் செய்தாராம், நான் போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தபோது. அதில் அகலமான பலகை, மூன்று படி, ஏறி வந்துவிட்டார். நீலத்தில் ஏணி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக, குட்டையாக இருந்தது. கால் எட்டவில்லை. இரண்டு தடவை வழுக்கினார். மூன்றாவது தடவை ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கினோம். "இப்ப நீங்க" என்றார் சம்பத்திடம். அவனும் இறங்கினான். 82 கிலோ. மூச்சு வாங்கியதே தவிர உடம்பு மேலே வரவில்லை. பெண் குழந்தை எட்டிப் பார்த்து, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கல்யாணி விற்பனைக்காரருக்கும் புரியும்படி இங்கிலீஷில் சொன்னார்: "இவர் விழுந்துட்டா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்த நான் கத்துக்குவேன். தூக்க என்னால முடியாது. அவரேதான் ஏறணும். ப்யூஜெட் சவுண்டில் கோடையிலும் தண்ணி ஐஸ் மாதிரி. எத்தனை நிமிஷம் கை கால் வேலை செய்யும்?"

விற்பனைக்காரர் சிவப்பு நிறச் சுருள் கயிறு ஒன்றைக் காட்டினார். ஓட்டுகிறவர் இடுப்பில் மாட்டிக்கொண்டால், விழுந்த மறு நொடி எஞ்சின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகில் அந்த வசதி இருந்தால் மாட்டித்தான் ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் சட்டமே வந்துவிட்டது. "நல்லது. எஞ்சின் நிற்கும். இவர் எப்படி ஏறுவார்?" என்றார் கல்யாணி.

சம்பத் வாயைத் திறக்கவில்லை. சான் யுவான் தீவுகளுக்குப் போகிற கனவு அவனுக்கு மூன்று வருஷமாக உண்டு. வெள்ளையை வாங்கினால் அது ஏரியோடு சரி என்று அவனுக்கும் தெரியும்.

இரண்டு நாள் வீட்டில் சாம்பார்கூட சத்தமில்லாமல் கொதித்தது. மூன்றாம் நாள் கல்யாணி போன் போட்டார். நீலம்தான், ஆனால் ஒடுக்கமான ஏணியைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் நன்றாக இறங்குகிற நாலு படி ஏணி போட வேண்டும். போட்டபின் தான் மறுபடி குதித்துப் பார்ப்பேன். ஏறி வந்தால் செக். அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். முதல் வருஷம் ஏரி மட்டும், கடல் அதற்கப்புறம் என்பது வீட்டுக்குள் போட்ட தனி ஒப்பந்தம். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்து.

வாஷிங்டன் மாநிலத்தில், 1955 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் 15 குதிரை சக்தியோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்ட, பரீட்சை எழுதி அட்டை வாங்க வேண்டும். கல்யாணிக்கு அட்டை வந்துவிட்டதாகப் போன வாரம் மெயில் வந்தது. சம்பத் இரண்டாவது தடவை எழுதப் போகிறானாம்.