நைட் ஷிப்டும் இருபதாயிரம் செல்களும்

எங்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து நூல் மில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். நைட் முடிந்து வந்து படுத்தாலும் தூக்கம் பிடிக்கவில்லை என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் பசிக்காது, கண்ட நேரத்தில் வயிறு கிள்ளும். 'போகப் போகப் பழகிரும்' என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். உடம்பு அத்தனை சுலபத்தில் பழகுவதில்லை.

மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கின்றன. உடம்பின் பொழுதுக்கணக்கை நடத்துவது இவைதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. சில மரபணுக்கள் புரதம் செய்கின்றன. சேர்ந்த புரதம் அதே மரபணுக்களை அடக்குகிறது. அது சிதைந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. எலியின் அந்தச் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தபோது, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடியது. ஒன்றுக்கு நாள் குறுகியது, இன்னொன்றுக்கு நீண்டது. மூளைக்குள் இருக்கும்போதோ அவை ரசாயனத் தூது அனுப்பி, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஒரே நேரத்துக்கு வருகின்றன. அந்தத் தூதில் முக்கியமானது வி.ஐ.பி. என்ற பெப்டைடு. அது இல்லாத சுண்டெலிகளில் செல்களுக்கிடையே ஒற்றுமை குலைந்தது.

இந்த ஒற்றுமையை வேறு வடிவில் மதுரையிலேயே பார்த்திருக்கிறார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் 1970களின் கடைசியில் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். இருட்டுக் குகைக்குள் கூண்டில் கிடந்த வௌவால், தன் கூட்டம் அந்தியில் கிளம்பிப் போய்த் திரும்பும் நேரத்தோடு தன் நேரத்தையும் பொருத்திக்கொண்டது. கூட்டம் இல்லாதபோது அதன் நாள் நழுவிக்கொண்டே போயிற்று. பிறகு கடிகாரம் இல்லாத தனியறையில் மனிதர்களையும் தங்கவைத்து அங்கே ஆராய்ந்தார்கள்.

மில்லுக்குத் திரும்புகிறேன். மூளைச் செல்கள் கண்வழி வரும் வெளிச்சத்தைக் கேட்கின்றன. ஈரலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு; அது சோற்று வேளையையும் கேட்கிறது. நைட் முடிந்து காலை வெயிலில் வீடு திரும்புகிறவரின் மூளை 'விடிந்துவிட்டது' என்கிறது. நடுச்சாமத்தில் சாப்பிட்ட வயிறு வேறு கணக்குச் சொல்கிறது. மூளையின் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில்தான் நகரும். அது ஒருவழியாகச் சேருவதற்குள் வாரம் முடிந்து ஷிப்ட் மாறிவிடுகிறது.

நம்மில் பெரும்பாலோர்க்கு உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். மில் நடத்துகிறவர்கள் காலை, மதியம், இரவு என்ற வரிசையிலேயே ஷிப்டை மாற்றட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: நைட் முடிந்து வந்து தூங்கும் பெண்ணைத் தண்ணீர் பிடிக்க எழுப்பாதீர்கள். ஜன்னலில் கெட்டியான துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.