குறை தென்படவில்லை

கார் பழுது பார்ப்பதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஒரு விளைவுக்கான காரணத்தை எப்படிக் கண்டடைகிறோம் என்பதுதான் என் விஷயம். கவிதையைப் பற்றிப் பேசுகிறவன் காரணங்களை இஷ்டத்துக்குச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். காரில் அது நடக்காது. தப்பான காரணம் சொன்னால் அடுத்த வளைவில் தெரிந்துவிடும்.

மோதிய வண்டியைச் சரிசெய்து வாங்கிய பிறகு புதிய கோளாறு ஒன்று தலைகாட்டினால் இரண்டு வாதங்கள் தயாராக இருக்கின்றன. 'மோதலுக்கு முன் இது இல்லை. ஆகவே மோதலால்தான் வந்தது' என்பது வண்டிக்காரரின் வாதம். 'அடிபட்ட இடம் வேறு, இது வேறு. ஆகவே சம்பந்தமில்லை' என்பது ஒர்க்‌ஷாப்பின் வாதம். முதலாவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காகதாலீய நியாயம் என்று அதற்குப் பழைய பெயரே உண்டு. இரண்டாவதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் சோம்பலில் அது முதலாவதற்குக் குறைந்ததல்ல. ஒன்று காலத்தின் அண்மையைக் காரணமாக்குகிறது. மற்றது இடத்தின் தூரத்தைக் காரணமின்மையாக்குகிறது. இரண்டுமே வண்டியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

2023 ஜூலையில் என் மனைவி ஓட்டிச் சென்ற எங்கள் சிறிய காரின் இடது முன்பக்கம் ஒரு சிறுபாலத்தின் சுவரில் மோதியது. அவளுக்குக் காயமில்லை. பம்பர், ஹெட்லைட், மட்கார்டு போயின. பதினெட்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நேர்த்தி. அவள் வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. நாகர்கோவிலிலிருந்து தினமும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போய்வர வேண்டும். மூன்றாம் நாள் மூன்று விஷயங்கள் சொன்னாள். வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பிரேக் மிதித்தால் ஹெட்லைட் மங்குகிறது. அறுபதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம்.

ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் தாளைக் காட்டினார்கள், எல்லாம் பச்சை. ஸ்கேனரைச் செருகினார்கள், கோடு எதுவும் இல்லை. ரோடே இடப்பக்கம் சரிவுதான் சார் என்றார்கள், கணவாய்க் காற்று என்றார்கள். கடைசியாக, அவள் பக்கத்தில் நிற்கும்போதே, என்னைப் பார்த்து, "அடிபட்ட பயம் சார். மேடத்துக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் தோணும்" என்றார்கள். ஜாப் கார்டில் எழுதித் தந்தது: 'குறை ஏதும் தென்படவில்லை.'

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தென்படவில்லை என்றால் யாருக்கு? எதைக் கொண்டு, எங்கே தேடியபோது? பார்த்தவனை ஒளித்துவைத்துவிட்டுப் பார்வையின் முடிவை மட்டும் உலகத்தின் உண்மையாக முன்வைக்கிற வாக்கியம் இது. ஸ்கேனர் தனக்கு சென்சார் உள்ள விஷயங்களைத்தான் பேசும். வளைந்துபோன இரும்பை உணர அதற்கு எதுவும் பொருத்தப்படவில்லை. அலைன்மென்ட் தாளின் பச்சையும் அப்படித்தான். பெரும்பாலான சிறிய கார்களின் முன்சக்கரங்கள் எர்ல் மக்ஃபெர்சன் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பில் நிற்கின்றன. இவற்றில் பொதுவாக டோ ஒன்றைத்தான் திருகி மாற்றலாம். மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது அது. காஸ்டர் என்று இன்னொன்று உண்டு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போன்ற சாய்வு. அதை அளக்கச் சக்கரத்தை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிடுவார்கள். எங்கள் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலிக்கட்டம் சிவப்பாகாது.

வடசேரிப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். அவர் எங்கள் இருவரில் அவளைத்தான் கேட்டார். "டீச்சர், போகும்போது இழுக்குதா, வரும்போதா?" இரண்டு தடவையும் இடதுபக்கம்தான் என்றாள். காற்று கழிந்தது: ஒரே திசையிலிருந்து அடிக்கிற காற்று, திரும்பி வரும்போது வண்டியை மறுபக்கம் தள்ள வேண்டும். சரிவில்லாத மைதானத்தில் அவளையே ஓட்டச் சொல்லி, "ஸ்டீயரிங்க லேசா விட்டுப் பாருங்க" என்றார். அங்கும் இழுத்தது. ரோட்டுச் சரிவும் கழிந்தது. முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றினார். டயர் காரணமென்றால் இழுப்பும் பக்கம் மாறும், மாறவில்லை. பிறகு நூலும் தூக்குக்குண்டும் எடுத்து, முன் பின் சக்கரங்களின் நடுவுக்கு நடு அளந்தார். இடப்பக்கம் 11 மில்லிமீட்டர் குறைவு. மோதலில் லோயர் ஆர்ம் வளைந்து சக்கரம் பின்னுக்குப் போயிருந்தது. காஸ்டர் அளந்தபோது இடப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குறைவு. குறைந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

விளக்கு மங்கியதற்கும் மோதலுக்கும் உறவு வேறு விதம். விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தார். பத்தில் ஒரு வோல்ட் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை நெருங்கியது. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் புத்தம்புதுப் பெயிண்ட். வெறும் இரும்பைத் தொட வேண்டிய வயர் அழகின் மேல் உட்கார்ந்திருந்தது. இதைச் செய்தது மோதல் அல்ல, மோதலைச் சரிசெய்த கை.

ரீங்காரம்தான் எனக்கு முக்கியம். ஓட்டத்தில் நியூட்ரலுக்கு மாற்றினாலும் சத்தம் மாறவில்லை. ஆகவே எஞ்சின் அல்ல. இடது வளைவில், பாரம் வலப்பக்கம் சாயும்போது, சத்தம் கூடியது. வலது பின்சக்கரத்தின் பேரிங். கழற்றியபோது உள்ளே துருவும் காய்ந்துபோன கிரீஸும். பல மாதத்து வேலை அது; அடிபட்ட மூலைக்கு நேர் எதிர் மூலை. மோதலுக்கு முன்பே இருந்திருக்கிறது. மோதலுக்குப் பிறகுதான் நாங்கள் வண்டியைக் கேட்கத் தொடங்கியிருந்தோம்.

ஆக, மூன்று அறிகுறிகளுக்கு மூன்று விதமான காரணங்கள்: ஒன்று மோதலால், ஒன்று சிகிச்சையால், ஒன்று இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல். இரண்டு ஆயத்த வாதங்களில் எதை எடுத்திருந்தாலும் ஏதாவதொன்றில் பொய்யாகியிருக்கும். இன்ஷூரன்ஸில் கூடுதல் சேதமாக எழுதும்போது உறவினர் ஒருவர், பேரிங்கையும் சேர்த்துவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். சேர்க்கவில்லை. இதை நேர்மைப் பிரதாபமாகச் சொல்லவில்லை. சேர்த்திருந்தால், சம்பந்தமில்லை என்று சொன்ன ஒர்க்‌ஷாப்புக்கும் எல்லாம் சம்பந்தம் என்று சொல்கிற எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் சொன்னது உண்மை என்பதற்கு நாங்கள் தேடிச் சேர்த்த நிரூபணம் முழுவதும் அந்த ஒரு வரியில் கெட்டுப்போயிருக்கும். லோயர் ஆர்முக்குப் பணம் வந்தது. எர்த்தை ஒர்க்‌ஷாப் மறுபேச்சில்லாமல் சுரண்டிப் பொருத்தித் தந்தது. பேரிங் என் சம்பளத்தில்.

நம் விமர்சனத்திலும் இந்த இரண்டு வாதங்கள்தாம் நடமாடுகின்றன. கவிஞன் வாழ்வில் ஒரு துயரம் நேர்ந்தால் அதன் பிறகு எழுதியதெல்லாம் அதனால் என்பார் ஒருவர். வாழ்வுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பார் மற்றவர். ஒரு வாசகி, இந்தக் கவிதை எங்கோ ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொன்னால், கோளாறு அவள் வாசிப்பில்தான் என்று இருவரும் ஒன்றுசேர்ந்து விடுவார்கள். அவள் சொன்னது தீர்ப்பு அல்ல, அறிகுறி. அறிகுறியை நம்புவது என்றால் அதன் காரணத்தைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் ஏற்பது அல்ல. அவள் உணர்ந்ததை முதல் தகவலாக எழுதிக்கொண்டு, சாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பது.

யோக்கியமான ஜாப் கார்டு இப்படி இருந்திருக்கும்: டோ அளந்தோம், காஸ்டர் அளக்கவில்லை, கோடு படித்தோம், எர்த் பார்க்கவில்லை, ஓட்டுகிறவர் இழுக்கிறது என்கிறார், காரணம் இன்னும் தெரியவில்லை. எழுத இரண்டு நிமிஷம் ஆகாது. அப்படி ஒரு தாள் கையில் இருந்திருந்தால் என் மனைவி அந்த ஒன்பது நாளும் கணவாயில் ஸ்டீயரிங்கோடு சேர்த்துத் தன்னையும் சந்தேகித்துக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களுக்கும் நான் கேட்பது அந்தத் தாளைத்தான்.